கோலப்பன் குடித்த படப்புச் சாராயம்

கோலப்பனுக்குச் சுசீந்திரத்துக்குத் தெற்கே இரண்டு வயலும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. அதற்காக ஊரில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவன்று மட்டும் ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிடும். கோமரத்தாடி அவர்தான், மாடன் வந்து இறங்குவது அவர் மேல்தான். மாடனுக்குப் படைக்கும் படப்பில் வைத்த சாராயத்தை அவர் ஒரே மூச்சில் குடித்தால்தான் மாடன் கொடையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். குடிக்க முடியாதவர் சாமியாடக் கட்டும் கச்சையை அவிழ்த்து அடுத்த பங்காளியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த கச்சை எவருக்கும் திரும்பி வந்ததில்லை.

அடுத்த பங்காளி சித்தப்பா மகன் கிருஷ்ணமணி. அவன் பெயரைக் கேட்டாலே கோலப்பனுக்கு முகம் கடுகடுத்துவிடும். பயல் காந்தாரி மிளகாயைக் கடித்துக் கள்ளோடு விழுங்கிவிட்டு, உச்சிவெயிலில் வரப்பு வெட்டுவான். ஒரு ஏப்பத்தோடு சரி. கோலப்பனோ அரை வயிறு கஞ்சி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். ஒரே தாத்தாவின் பேரன்கள்; அவனுக்கு மட்டும் இரும்புக் குடல் என்றால் இது என்ன நியாயம்? பொறாமைக்கு வேறு காரணமும் வேண்டுமா?

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று ஆறில், கொடைக்கு நாள் குறித்த பிறகு, வலி தாங்காமல் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் சத்தியநேசன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள புண்ணு இருக்கு, ஓய். சாராயம் பட்டா முதல்ல மரத்துப்போயி சுகமா இருக்கும். அதை நம்பிராதேயும். பொறவு புண்ணை அரிச்சு ரத்தத்தைக் கொண்டாந்திரும். பாலும் கஞ்சியும் போதும். சாராயம் ஒரு சொட்டு ஆகாது."

வீட்டில் மனைவி முத்துக்கனி கெஞ்சினாள். "இந்த வருசம் கிருஷ்ணமணி கொழுந்தன் ஆடட்டும். ஒங்களுக்கு உசிரு வேண்டாமா?"

"ஏட்டி, அவன் கச்சை கெட்டி ஆட, நான் கும்பிட்டுக்கிட்டு நிக்கணுமா? அதுக்குச் செத்துரலாம்."

சாராயத்தை மட்டும் விடச் சொன்னால் விட்டிருப்பார். கச்சையை விடத்தான் மனசு வரவில்லை.

மதியக் கொடையில் வில்லுப்பாட்டு உச்சத்துக்கு ஏற, கோலப்பன் மேல் மாடன் வந்தார். கிருஷ்ணமணி எடுத்துக் கொடுத்த செம்பை அண்ணாந்து வாயில் ஊற்றியவர் சட்டென்று நிறுத்தினார். இளநீர். வாசனைக்குக் கொஞ்சம் சாராயம் தெளித்திருந்தது. கிருஷ்ணமணி கண்ணாலேயே கெஞ்சினான்: குடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

கோலப்பனுக்கு அது அப்படிப் படவில்லை. குடித்து முடித்ததும் இவன் கூட்டத்தில் போட்டு உடைத்துத் தன் மானத்தை வாங்கப்போகிறான் என்றே பட்டது.

"மாடனுக்கு எளநியா கொண்டாந்திருக்க? சாராயம் எடுலே!"

செம்பு பறந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். "அண்ணே, வேண்டாம்ணே" என்று கிருஷ்ணமணி முணுமுணுப்பதற்குள் யாரோ நிறைசெம்பை நீட்டிவிட்டார்.

குடித்தார். டாக்டர் சொன்னபடியே வலி மரத்துப்போனது. இருபது வயசு குறைந்ததுபோல் ஆடினார்; கிருஷ்ணமணியின் முகத்துக்கு நேரே வல்லய ஈட்டியை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அப்புறம்தான் வயிறு புரண்டது. முதலில் காப்பித்தூள் கரைசலாகக் கறுப்பு வாந்தி, பின்னாலேயே சிவப்பு. மாடன் பலி கேட்கிறார் என்று கூட்டம் கும்பிட்டபடி நின்றது. கிருஷ்ணமணி ஒருவன்தான் ஓடிவந்து தூக்கினான்.

வில்வண்டியில் அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். கோலப்பனின் உதடு அசைந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"இப்பம் ஆரு ஆடுகா?"

"ஆரும் ஆடல்லண்ணே. கொடை நின்னுபோச்சு."

கோலப்பனுக்கு அப்பாடா என்றிருந்தது. எவனும் ஆடவில்லை, இவனும் ஆடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது; மலர்ந்தபடியே மூச்சு நின்றுபோனது.

ஆஸ்பத்திரி வாசலில்தான் கிருஷ்ணமணி அதைக் கவனித்தான். அண்ணன் கடைசியாகத் தன்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார் என்று நினைத்து, அவன் வாய்விட்டு அழுதான்.