முப்பத்துநான்கு சைக்ஸ்கள்

தர்ஸா சைக்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. மலைச்சரிவுக் கிராமமான லிங்ராய்டின் தபால்காரி. இருபத்தாறு வருடமாக இந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார். அவருக்கு முன்னால் வந்த வெளியூர்க்காரர் யாருக்கும் இந்த வேலை இங்கே மூன்று மாதம்கூட ஒத்துவந்ததில்லை. அறுபது வீடுகளில் முப்பத்துநான்கு வீட்டுக்காரர்களின் குடும்பப்பெயர் சைக்ஸ். உறையில் ‘ஏ. சைக்ஸ், லிங்ராய்டு’ என்று மட்டும் இருந்தால், அது வாத்து ஆலனுக்கா, மேட்டு வீட்டு ஆர்தருக்கா, ஆலிஸுக்கா என்று தர்ஸா முகர்ந்தே சொல்லிவிடுவார் என்பார்கள். முகர்வதில்லை. யாருக்கு எங்கே அக்கா இருக்கிறாள், யாருக்கு எந்த மருத்துவமனையில் கண் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நானும் சைக்ஸ்தான். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். லிமாவிலும் டிபிலிசியிலும் விடுதி வரவேற்பறைப் பெண்களுக்கு இந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி நாக்கு தேய்ந்துபோனது. போன பிப்ரவரியில் இரண்டு வாரம் தங்கலாம் என்று வந்தேன். ஹடர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்தில் டாக்சிக்காரர் பெயர் கேட்டார். சொன்னேன். “எந்த சைக்ஸ்?” என்றார். பாப் வீட்டு ஜோவின் பேத்தி என்றேன். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். உலகத்தில் வேறெங்கும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சைக் என்றால் எங்கள் பேச்சில் சிற்றோடை. மேட்டுச் சதுப்பிலிருந்து கசிந்து, ஒருவன் வயலுக்கும் அடுத்தவன் வயலுக்கும் நடுவில் எல்லையாக ஓடும். கணுக்காலுக்கு மேல் வராது, கோடையில் பாதி காணாமல் போகும். எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வரிக்காரன் ஓடையோரம் இருந்தவனை ஓடைக்காரன் என்று எழுதிக்கொண்டு போயிருப்பான். இந்தப் பள்ளத்தாக்கில் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் ஓடைக்காரர்களுக்கும் பஞ்சமில்லை.

தர்ஸா மலைக்கு அந்தப் பக்கத்து லங்காஷயர்க்காரரான ரேமண்ட் கேட்டரலைக் கட்டிக்கொண்டபோது, அவருடைய மாமியார் பெயர் விஷயத்தை எடுத்தாராம்.

“உங்க ஊர்ல கல்ல விட்டெறிஞ்சா ஒரு சைக்ஸ் தலையிலதான் விழும். எங்க பேரு அப்படியில்ல, அபூர்வமானது. எடுத்துக்கோயேன்.”

“அபூர்வம்னா பத்திரமா நீங்களே வெச்சுக்கோங்க மிசஸ் கேட்டரல். எங்கள்ல ஒண்ணு குறைய நான் காரணமா இருக்க மாட்டேன்.”

கல்யாண கேக் வெட்டும்வரை மாமியார் பேசவில்லை. ரேமண்டுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. அவருக்கு எதைப் பற்றியுமே கவலை கிடையாது.

நான் வந்திறங்கிய வாரம் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. மேலே இருந்த பழைய கொட்டகையைத் தெற்கிலிருந்து வந்த பெல்ஹாம் என்பவர் வாங்கியிருந்தார். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு கட்டப் போகிறாராம். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். அதற்காக, கொட்டகையை ஒட்டி ஊருக்குள் இறங்கும் ஓடையைக் குழாய்க்குள் விட்டு மேலே மண் போட்டு மூட கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தார். ஓடையோரப் பாதையும் சேர்ந்து போய்விடும். தர்ஸா காலையில் ஏறுவது அந்தப் பாதையில்தான். பிள்ளைகள் பள்ளிக்கு இறங்குவதும் அதில்தான்.

முப்பது வீடுகள் எழுத்தில் எதிர்த்தால் குழு கூடிப் பொதுவில் விசாரிக்கும். இல்லாவிட்டால் ஓர் அதிகாரி தன் அறையில் உட்கார்ந்தே முடிவுசெய்துவிடுவார். எங்கள் கவுன்சிலின் விதி அது. தர்ஸா வேலை முடிந்து, சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீடு வீடாக ஏறினார். நாற்பத்தொரு கடிதம் சேர்ந்தது. அதில் முப்பத்துநான்கு சைக்ஸ்கள்.

மார்ச்சில் கவுன்சிலின் பதில் வந்தது. வந்த ஆட்சேபங்கள் எட்டு. சைக்ஸ் குடும்பம், ஒன்று. மற்றவர்கள், ஏழு.

பப்பில் அதைப் படித்துக் காட்டியபோது முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு வாத்து ஆலன் மேசையைத் தட்டினார்.

“அட, நாம எல்லாரும் ஒரே குடும்பமாம்டா சேத்! அப்ப உன் வீட்டு ஞாயித்துக்கிழமை விருந்துக்கு நானும் வரலாமா?”

“வா. திரும்பிப் போறப்ப என் மாமியாரக் கூட்டிட்டுப் போ,” என்றார் பக்கத்திலிருந்த சேத் சைக்ஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். தர்ஸா சிரிக்கவில்லை. “சிரிச்சு முடிச்சாச்சா? நாளைக்கு நான் போன் பண்றேன்.”

பண்ணினார். பதிவேடு மூடியாயிற்று என்றார் கவுன்சில் குமாஸ்தா. அவர் அந்த வட்டாரத்துக்குப் புதியவர். ஒரே குடும்பம் விளையாட்டுக்காக விதவிதமான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறது என்று மெய்யாகவே நம்பியிருந்தார்.

“அப்ப நாங்க நேர்லயே வர்றோம் தம்பி. பாத்து எண்ணிக்கோங்க.”

மாதம் ஒருமுறை பொதுமக்கள் கவுன்சில் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசலாம். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பஸ் பிடித்துப் போனோம். மேட்டு வீட்டு ஆர்தர் ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தார். தலைவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. தாளைப் பார்த்து, “மிஸ்டர் சைக்ஸ் வந்திருக்கீங்களா?” என்றார்.

பத்தொன்பது ஆண்கள் எழுந்து நின்றார்கள்.

“ஒருத்தர் மட்டும்...”

“எந்த ஒருத்தர்மா?” என்றார் சேத். “பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. குடும்பப்பெயரச் சொல்லாதீங்க, அது எங்க ஊர்ல பேரே இல்ல.”

தர்ஸா முன்னால் போனார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. காலையில் தபால் கொடுக்கும் வரிசையிலேயே மேலிருந்து கீழாக ஆரம்பித்தார். மேட்டு வீட்டு ஆர்தர். பாப் வீட்டு ஜோவின் டாம். வாத்து ஆலன். இடதுகை ஆலிஸ். பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். கூடவே அவரவர் வீட்டு எண்ணையும் சொன்னார். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்துமூன்று கைகள். கடைசியாகத் தன் கையைத் தூக்கினார்.

“மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு, மேடம்,” என்றார் தலைவர்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு. நான் சைக்ஸ், அதோ அங்க தூங்கி விழுற என் வீட்டுக்காரர் கேட்டரல். எங்க வீட்டுல இருக்கறது ஒரே கெட்டில். நீங்க எங்களை ரெண்டு வீடா எண்ணியிருக்கீங்க. இந்த முப்பத்துநாலு சைக்ஸுக்கும் முப்பத்துநாலு கெட்டில் இருக்கு. அவங்கள ஒரே வீடா எண்ணியிருக்கீங்க. முதல்ல என் வீட்டுக்காரர அடிங்க. அவர் கணக்குல வரமாட்டார். அப்புறம் எங்கள எண்ணுங்க.”

ரேமண்ட் தலை நிமிர்ந்தார். “என்னை எதுக்கு அடிக்கணும்?”

“கணக்கு நேராகணும், அதுக்குத்தான். உக்காரு.”

தலைவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பேனாவை எடுத்து ஒரு பெயரை அடித்தார். நாற்பது வீடுகள். அந்த வாரமே விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மே மாதம் குழுவினர் ஒன்பது பேரும் பளபளப்பான காலணிகளோடு வந்து ஓடையில் நின்றார்கள். முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. தர்ஸாவின் பையில் ஒரே மாதிரி நாற்பத்தொரு உறைகள். ஒன்று பெல்ஹாமுக்கு, ஆறு மற்றவர்களுக்கு, மீதி அத்தனையும் சைக்ஸுக்கு. நாலு பேர் கிராம எல்லையிலேயே அவரை மறித்தார்கள். நானும் அதில் ஒருத்தி.

“உன்னோடது பையிலதானே இருக்கு. பிரிச்சிடு தர்ஸா, தாங்கல.”

“எல்லாருக்கும் அவங்க அவங்க கதவுலதான். வழி விடு கண்ணு.”

சாலையில் போகவில்லை. ஓடையோரமாக ஏறினார். நான் பின்னாலேயே போனேன். முதல் வாசல் பெல்ஹாம் வந்து தங்கியிருந்த கொட்டகையுடையது. கதவைத் திறந்தவர் உறையையும் தர்ஸாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியாது சார். கொண்டு வர்றதுதான் என் வேலை.”

அங்கிருந்து கீழே இறங்கினோம். மூன்றாவது வீட்டைத் தாண்டியபோது பின்னால் ஒரு கதவு படாரென்று திறந்தது. டாமின் மனைவி கத்தினார். “குழாய் கிடையாது! தர்ஸா, அனுமதி இல்லையாம்!” அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கூச்சல். ஆலன் பாத்திரத்தைத் தட்டினார். சேத் சாலைக்கே ஓடி வந்தார்.

“நின்னு உன்னோடதைப் பாரேன்!”

“இன்னும் பதினொரு வீடு இருக்கு.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்தார். தன் உறையை எடுத்துக் கதவின் தபால் துளை வழியாக உள்ளே தள்ளினார். பிறகு சாவியைப் போட்டுத் திறந்து, கால்மிதி மேல் கிடந்ததைக் குனிந்து எடுத்து, நின்றபடியே பிரித்துப் படித்தார். இரண்டு தடவை.

உள்ளேயிருந்து ரேமண்டின் குரல் வந்தது. “எனக்கு ஒண்ணும் வரலையா?”

“உன்னைத்தான் அடிச்சாச்சே. கெட்டிலப் போடு.”