முக்கால் இஞ்ச் வித்தியாசம்

தையல்காரருக்கு வலது கை விழுந்த அதே வாரம்தான் பேக்கரிக்காரருக்கும் விழுந்தது. பக்கவாதம். ஒரே வார்டு, அடுத்தடுத்த கட்டில். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஒரே பயிற்சிக்கூடம், ஒரே நேரம். இப்படி ஒரு பொருத்தம் அமைந்தால் மனுஷன் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருப்பானா? அதிலும் நம்மாள் முப்பது வருஷம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவர்.

கடையில் துணி வெட்டுவது அவர், தைப்பது மனைவி. வெட்டும் கை திரும்பாவிட்டால் கடை இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

பயிற்சிக்கூடத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. ஒன்பது துளை, ஒன்பது குச்சி. பேக்கரிக்காரர் இரண்டாவது மாதமே ஒன்பதையும் செருகிவிட்டார். பயிற்சி கொடுக்கும் பெண் கைதட்டினாள். தையல்காரருக்கோ நாலாவது குச்சியிலேயே கண் சொருகும், உடம்பு அசந்துபோகும்.

"விடாதீங்கண்ணே, வந்துடும்" என்று அந்த ஆள் வேறு உற்சாகப்படுத்துவார். தையல்காரருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

ஏன் இத்தனை அசதி என்று டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. "இது கம்மியா இருந்தா பயிற்சி எடுக்கவே தெம்பு இருக்காது. காலையில வெறும் வயித்துல, தண்ணியோட போடுங்க" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சொன்னபடி போட்டிருந்தால் வம்பே இல்லை. நம்மாள் பேக்கரிக்காரரை உளவு பார்க்கக் கிளம்பிவிட்டார். எந்தக் காலை முதலில் வைக்கிறார், என்ன எண்ணெய் தேய்க்கிறார் என்று ஒன்றுவிடாமல் கவனித்து வந்து வீட்டில் அதையே செய்தார். ஒருநாள் பேக்கரிக்காரர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து, கெட்டியான பால் டீயோடு தன் மாத்திரைகளை மடக்கென்று விழுங்குவது கண்ணில் பட்டது. அடடே, சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது! மறுநாளிலிருந்து தைராய்டு மாத்திரையும் பால் டீயோடு உள்ளே போயிற்று.

இரண்டு மாதமாகியும் குச்சி நாலைத் தாண்டவில்லை. மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முறைத்தார்.

"மாத்திரை போடறீங்களா, இல்லையா?"

"ஒருநாள் தவறல டாக்டர்."

மனைவிதான் போட்டுடைத்தாள். "டீயோட போடறாரு டாக்டர். அந்தப் பேக்கரிக்காரர் அப்படித்தான் போடறாராம்."

"அவர் போடறது வேற மாத்திரைங்க! இது பால் டீயோட போனா உடம்புல சரியாவே சேராது."

தையல்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடுத்தவனைப் பார்த்துப் பார்த்தே இரண்டு மாதத்தைப் பாழாக்கிவிட்டாரே! அதற்குப் பிறகு விடிந்ததும் மாத்திரை, தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. மெல்ல மெல்ல அசதி விலகியது. கூடத்தில் முழு நேரமும் தாக்குப்பிடித்தார். ஏழாவது மாதம் ஒன்பது குச்சியும் உட்கார்ந்தன. பழைய செய்தித்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பழகினார்.

ஒருநாள் காலையில் பேக்கரிக்காரர் சட்டைத்துணியோடு கடைக்கு வந்துவிட்டார். "உங்க கையால வெட்டற முதல் சட்டை எனக்குத்தான்ணே."

வேறு வழியில்லாமல் அளவெடுத்தார். இடது மேல்கைச் சுற்றளவு பதிமூன்று. வலது பன்னிரண்டே கால். இன்னொரு தரம் அளந்தார். முக்கால் இஞ்ச் இளைத்திருந்தது. ஏழு மாதமாக எரிந்த வயிறு ஒரே நொடியில் குளிர்ந்தது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் குளிர்ந்தது.

"வித்தியாசம் தெரியுதாண்ணே?" பேக்கரிக்காரரின் குரல் இறங்கியிருந்தது. "குச்சியெல்லாம் செருகிடறேன். மாவு பிசைய வரல. கடைப் பசங்களுக்குத் தெரியாம சமாளிக்கிறேன்."

தையல்காரர் டேப்பைச் சுருட்டினார். "சட்டை போட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நான் பார்த்துக்கறேன்."

அவர் தெரு திரும்பியதும் தையல்காரர் மனைவியைக் கூப்பிட்டுத் தன் கையை நீட்டினார். "இதை அள."

அளந்தாள். "வலது ஒரு இஞ்ச் கம்மிங்க."

"சரியாப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"அந்த ஆளுக்கு முக்கால்தான்டி!" என்று பல்லைக் கடித்தார் தையல்காரர். கடித்த பல்லோடு குனிந்து, பேக்கரிக்காரரின் வலது கைத்துணியை இடதுக்குச் சமமாக வைத்து, கோடு பிசகாமல் வெட்டத் தொடங்கினார்.