கீழே விழுந்த லோடு

காலாப்பட்டில் நாங்கள் ஆராய்ச்சி செய்யும் லேபில் ஏசி எங்களுக்காக ஓடுவதில்லை, நெட்வொர்க் அனலைசருக்காக ஓடுகிறது. ஆன்டெனாவுக்குள் அனுப்பும் சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் கருவி அது. உப்புக் காற்று படக்கூடாது, கேபிளை ஆட்டக்கூடாது என்று அதற்கு மாப்பிள்ளை உபசாரம். அளக்கத் தொடங்குமுன் எது சரி என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்; அதுதான் கேலிபரேஷன். அதற்கென்றே விரல் நுனி அளவில் உலோகத் துண்டுகள் இருக்கின்றன. சிக்னலைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும் துண்டுக்கு லோடு என்று பெயர்.

விழுந்தால் உள்ளே கெட்டுப்போகக்கூடிய அந்த லோடைத்தான் நான் கைதவறித் தரையில் போட்டேன். எடுத்து ஊதி, கருவிக்கு அதைக் காட்டிக் கேலிபரேஷன் செய்து, மறுபடி அதையே மாட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று பெட்டியில் வைத்தேன். எதைக் காட்டி இதுதான் சரி என்றேனோ, அதையே திரும்பக் காட்டினால் கருவி வேறென்ன சொல்லும்? ஜூனியர்களுக்கு இதை வாய்கிழிய விளக்குகிறவள் நான்!

அடுத்து அளக்க வந்தவள் என் தோழி, குருசுக்குப்பத்துக்காரி. செம்புத் தகடு ஒட்டிய போர்டில் மீன்பிடிப் படகுக்கான ஆன்டெனா செய்திருந்தாள். கைவசம் இருந்த கடைசி போர்டு அது. மறுநாள் சென்னையில் சோதனை. அந்தத் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். ஆன்டெனா வேலை செய்யவேண்டிய அலைவரிசையில் திரைக்கோடு பள்ளமாக இறங்க வேண்டும்; செம்பைச் சுரண்டினால் அந்தப் பள்ளம் வலப்பக்கம் நகரும்.

"பள்ளம் எடப்பக்கம் தள்ளி வருதுடி. என் கைதான் சரியில்ல போல" என்று பிளேடால் செம்பின் ஓரத்தைச் சுரண்டினாள். அளந்தாள், மறுபடி சுரண்டினாள். சுரண்டிய செம்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், பழி வருமே என்ற பயம்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. பக்கத்து லேபில் வேறு லோடு வாங்கி வந்து, புதிதாகக் கேலிபரேஷன் செய்து அவளுடைய ஆன்டெனாவை அளந்தேன். பள்ளம் வலப்பக்கம் எங்கோ போயிருந்தது.

"லோட நான் கீழ போட்டுட்டேண்டி. அப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் மொதல்ல செஞ்சது கரெக்டாத்தான் இருந்துச்சா?"

"ஆமாண்டி."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை. பிறகு அவள் மேசையில் கிடந்த செம்புத் தூளைப் பார்த்தாள்.