தளம் போட்ட அன்று ஊதிய விசில்

பரவை போகும் சாலையில் எங்கள் டீக்கடையை ஒட்டி எழுந்த கட்டடத்துக்கு முதல் தளம் போட்டது எந்த மாதம் என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு கட்சி. அப்பா புரட்டாசி என்பார். புரட்டாசியில் எவன் கிடா வெட்டிச் சோறு போடுவான் என்று அம்மா ஒரே கேள்வியில் அதை அடித்துவிடுவார். நானும் அம்மா கட்சிதான். தளம் போட்டதற்கு முந்தைய நாள் பெய்த மழையில் கடைக்கு முன்னால் தேங்கிய தண்ணீர் எனக்கு நினைவிருக்கிறது. பள்ளியில் தீபாவளி விடுமுறை முடிந்திருந்தது. ஆகவே ஐப்பசி. கிழமை ஞாயிறு. பகல் முழுக்க மின்சாரம் போய்ப்போய் வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஒன்று அது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

கீழே கடைகளும் மேலே கல்யாண மண்டபமுமாகக் கட்டத் திட்டம். இடத்துக்காரர் எங்கள் கடை நின்ற நாலடி மண்ணுக்கும் சொந்தக்காரர். கட்டடம் முடியும்வரை வேலையாட்களுக்கு டீ வேண்டும் என்பதால் எங்களை இருக்கவிட்டிருந்தார். போகச் சொன்னால் அன்றைக்கே தகரத்தைப் பிரிக்க வேண்டியதுதான். அதனால் அவர் வந்து நின்றாலே அப்பா சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போடுவார்.

அந்தக் கட்டடத்தில் பாதுகாப்பு மேற்பார்வைக்கு இருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. டிப்ளமோ படித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவருக்குக் கிடைத்த முதல் மாதச் சம்பள வேலை. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவருக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். கார்த்திகையில் கல்யாணம்.

மாமாவுக்கு வேலை நேரம், வீட்டு நேரம் என்று பிரிவு கிடையாது. எங்கள் கடையில் கேஸ் சிலிண்டரை அவர் நகர்த்தி வைக்காத மூலை இல்லை. அம்மா பரணில் எதையாவது எடுக்க ஸ்டூலில் ஏறினால் ஓடிவந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் அக்கா காலில் தம்பி விழுந்து கிடக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். "மாப்ள, டீ சூடா இருக்கு, ஹெல்மெட்டப் போட்டுட்டுக் குடி" என்று அப்பா தினம் ஒரு முறையாவது சொல்வார். மாமா சிரிக்கமாட்டார். கண்ணாடி டம்ளரில் விரிசல் இருக்கிறதா என்று ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் குடிப்பார்.

பெரிய தளம் போடும் நாளில் வேலையாட்களுக்குக் கிடா வெட்டிச் சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இடத்துக்காரர் அந்த வாரமே ஒரு கருப்புக் கிடாயை வாங்கி அனுப்பிவிட்டார். கட்டடத்துக்குள் கட்டிவைக்க மாமா விடவில்லை. ஆகவே அது எங்கள் கடைக்குப் பின்னால் அடிபம்பில் கட்டப்பட்டது. ஒரு காதில் மட்டும் வெள்ளை. டீக்கடையில் வாழைப்பழத் தோலுக்குப் பஞ்சமில்லை. பள்ளிவிட்டு வந்ததும் தோல்களைப் பொறுக்கிக்கொண்டு போய் "ஏய் கருப்பா" என்று கூப்பிடுவேன். இரண்டாம் நாளே என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது. அது எதற்காக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு பழகியதை யாரும் வெட்டமாட்டார்கள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஞாயிறு காலை பம்பு லாரி வந்தது. கான்கிரீட்டை மேலே தள்ளும் மடக்குக் கை கொண்ட பெரிய லாரி. நான்கு கால்களையும் விரித்து ஊன்றித்தான் அது கையை நீட்டும். மழை பெய்த மண்ணாயிற்றே என்று மாமா ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பலகைகளைப் போடச்சொல்லி, மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். "கல்யாண மாப்ள பந்தக்கால் ஊன்றாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு அவருடைய கவலையெல்லாம் தளத்துக்குக் கீழேதான். பலகை அடித்து, கம்பி கட்டி, அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டுவார்கள். இறுகும்வரை அத்தனை ஈர எடையையும் கீழே நெருக்கமாக நிறுத்திய இரும்பு முட்டுகள்தான் தாங்க வேண்டும். ஜாக்கி என்பார்கள். ஒன்று சறுக்கினாலும் அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் மொத்தமாக வந்துவிடும். ஆகவே கான்கிரீட் ஓடும்போது கீழே ஆள் இருக்கக் கூடாது. மாமா கீழ்த்தளத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார். எங்கள் கடைப் பக்கம் லாரி வருவதற்காகத் தகர வேலியைப் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் எங்களுக்கும் ஜாக்கிகளுக்கும் நடுவே அந்த நாடா மட்டும்தான்.

கிடா வெட்டும் பொறுப்பு மொக்கச்சாமி என்பவருடையது. பலகை அடிக்கும் கூட்டத்தில் மூத்தவர், சமையலிலும் கைகாரர். தளத்தில் பாதிக்கு மேல் நிரம்பிய நேரத்தில் அடிபம்பிலிருந்து கிடாயை அவிழ்த்தார். பம்பு லாரியின் சத்தத்தில் மிரண்ட கிடா ஒரு துள்ளலில் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு நாடாவுக்குக் கீழே நுழைந்து ஜாக்கிகளுக்கு நடுவே போய்விட்டது. மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள். மொக்கச்சாமி கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே துரத்தினார். நானும் கையிலிருந்த வாழைப்பழத் தோலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

விசில் ஒலித்தது. நீளமாக, மூச்சு தீரும்வரை. பம்பு நின்றது. அவ்வளவு நேரம் இரைந்த இடத்தில் சாலையில் போகும் பஸ்ஸின் சத்தம் கேட்டது. மாமா எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, என் தோளைப் பிடித்தபடி நாடாவுக்கு முன்னால் நின்றிருந்தார்.

மேலேயிருந்து எஞ்சினியர் எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? எவன் நிறுத்தச் சொன்னது?"

"உள்ள கிடா போயிருச்சு சார்" என்றார் மாமா.

 மேல்தளமே சிரித்தது.

எஞ்சினியர் சிரிக்கவில்லை. வரிசையில் இரண்டு கான்கிரீட் லாரிகள் வயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றன. ஊற்றியது இறுக ஆரம்பித்துவிட்டால் பிறகு ஊற்றுவது அதோடு ஒட்டாது, தளத்தில் கோடு விழுந்துவிடும் என்று கத்தினார். "கிடா பாட்டுக்குக் கெடக்கட்டும்யா. நீ ஊத்தவிடு."

"வெளிய வரட்டும் சார். அதுவரைக்கும் ஓடாது."

மொக்கச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "நா சடக்குனு உள்ள போயி காதப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

"அண்ணே, ஒருத்தரும் போகக் கூடாது."

"எட்டு மாசக் கிடாய்க்கு எம்புட்டு மரியாதை பாருங்கப்பா!" என்று மொக்கச்சாமி மேலே பார்த்துச் சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

இடத்துக்காரர் நிழலில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். வெள்ளை வேட்டியில் சேறு படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். "யோவ் சேஃப்டி, மத்தியானம் இலைக்கு வரப்போற ஆடுய்யா அது. அதுக்கும் ஒரு ஹெல்மெட்ட மாட்டிவிடேன்."

மாமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருகிட்ட மொறைக்கிற? எடத்துக்காரன் நானு."

"தெரியும்ணே. எடம் உங்களுதுதான். விசிலு எங்கிட்ட இருக்குல்ல."

கடைவாசலில் நின்ற அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாளையிலருந்து இவன் இங்க வேண்டாம்" என்று இடத்துக்காரர் எஞ்சினியரைப் பார்த்துச் சொன்னார். கார்த்திகைக் கல்யாணம் அந்த ஒரு வாக்கியத்தில் ஆடிப்போனது பெரியவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். என் கவனம் முழுக்க வேறிடத்தில் இருந்தது. கருப்பனுக்காக ஒரு மனிதர் ஊரையே எதிர்த்து நிற்கிறார். அவரைப் போல் மாமா யாருக்குமே இல்லை என்று தோன்றியது.

மாமா குனிந்து என் காதருகே கேட்டார். "நீ கூப்பிட்டா வருமா?"

"வரும்."

"இங்கிருந்தே கூப்பிடு. ஒரு அடிகூட நகரக் கூடாது. அது வெளிய வந்தாத்தான் பத்திரம்."

எங்கள் இருவருக்கும் மட்டும் புரிந்த ரகசிய ஒப்பந்தம் என்று அதை எடுத்துக்கொண்டேன். "ஏய் கருப்பா" என்று கூப்பிட்டேன். முதலில் வெள்ளைக் காது தெரிந்தது. பிறகு ஜாக்கிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து வெறுங்கையை முகர்ந்தது. மொக்கச்சாமி பக்கவாட்டிலிருந்து பாய்ந்து கொம்பைப் பிடித்தார். மாமா ஒரு முறை குனிந்து கீழ்த்தளம் முழுவதையும் பார்த்தார். விசிலை இரண்டு முறை சுருக்கமாக ஊதினார். பம்பு மறுபடி இரைந்தது. ஊற்றியிருந்த ஓரத்தை மறுபடி வைப்ரேட்டர் விட்டு அதிரவைத்துச் சேர்த்தார்கள். கோடு எதுவும் விழவில்லை. அந்த மண்டபத்தில் இன்றைக்கும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாணம் நடக்கிறது.

கிடாயை மாமா தடுக்கப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் பம்பு லாரியின் கால்களைப் பார்க்கப் போய்விட்டார்.

மதியம் வேலி ஓரம் பந்தி போட்டார்கள். ஆட்கள் பாதிப்பாதியாக இறங்கி வந்து சாப்பிட்டார்கள். டீக்கடைக்காரர்கள் என்ற முறையில் எங்களுக்கும் இலை. மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இலையில் கறி விழுந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பார்க்கப் பார்க்க ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். நான் என் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அதன் பிறகு அவரோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து அவர் அந்தக் கட்டடத்துக்கு வரவில்லை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வேறு கட்டடத்தில் வேலை கிடைத்து, பெண் வீட்டாரைச் சமாதானம் செய்து, கல்யாணம் தைக்குத் தள்ளிப்போய் நடந்தது. "கிடா சேஃப்டி" என்ற பட்டப்பெயர் கல்யாணப் பந்தி வரைக்கும் கூடவே வந்தது. மணமேடையில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபோதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புரட்டாசியா ஐப்பசியா என்ற வழக்கு போன வாரமும் வந்தது. நான் இந்தக் குடும்பச் செய்திகளையெல்லாம் வரிசைப்படி எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஆகவே கிடா உள்ளே ஓடியது, மாமா விசில் ஊதியது, நான் ஓடியது என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தப்பா எழுதிருக்க" என்றார். "கிடா ஓடுறப்ப அவன் லாரிப்பக்கம் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். மொக்கச்சாமிய கையக் காட்டியே நிறுத்திட்டான். நீ ஓடிவந்து நாடாவுக்குக் கீழ குனிஞ்ச. தல உள்ள போயிருச்சு. அப்பத்தான் அடிச்சான். ஆட்டுக்கு எவன்டி விசில் அடிப்பான்?"

அப்படியானால் ஏன் எல்லோரிடமும் கிடா என்று சொன்னார் என்று கேட்டேன்.

"பின்ன? டீக்கடப் புள்ள உள்ள நுழைஞ்சுச்சுன்னு சொன்னா எடத்துக்காரன் அன்னைக்கே கடையத் தூக்கச் சொல்லிருப்பான்ல. கிடா உள்ள கெடக்குற வரைக்கும் நீ மறுபடி பாய்வன்னு அவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியாதா இது? வீட்ல எல்லாருக்கும் தெரியுமே."

மாதத்தைச் சரியாக வைத்திருந்தேன். கிழமையைச் சரியாக வைத்திருந்தேன். வரிசையைத்தான் விட்டுவிட்டேன். மாற்றி எழுதிக்கொண்டேன்.

பந்தியில் நடந்த ஒன்றையும் அப்போது சேர்த்தேன். இலையில் சோற்றைப் பிசைய மாமா கையை வைத்தார். பிசையாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி இலையில் வைத்தார். கருப்பனைத் தின்ன வெட்கப்படுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.