பழைய படிவத்தில் ஒரு புதுப் பாடம்

என் மருமகள் பத்தொன்பது வருடங்களாகப் பல்கலைக்கழகத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். காதல் கடிதமாக இருந்தாலாவது பிள்ளைகள் தூங்காமல் கேட்டிருக்கும். இவள் சொல்லித்தருவது வணிகக் கடிதம். அவள் வகுப்பில் விட்ட கொட்டாவிகளை எல்லாம் பிடித்துச் சேர்த்திருந்தால் ஒரு பாய்மரக் கப்பலைக் கடல் தாண்டி ஓட்டியிருக்கலாம். அதில் பாதி அவளே விட்டது.

ஓய்வு பெறுவதற்குள் தன் சொந்தப் பாடம் ஒன்றை நடத்திவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. பின்காலனியச் சிந்தனைக்கு ஓர் அறிமுகம். வருடா வருடம் கேட்பாள், வருடா வருடம் 'பார்க்கலாம்' என்பார்கள். இந்த முறை துறைத்தலைவரே கூப்பிட்டார்.

"ஒரு விருப்பப் பாடத்துக்கு இடம் காலியா இருக்கும்மா. பதினாலு வாரம். முதல் வாரத்துக்குள்ள பதினஞ்சு பேர் சேரணும். இல்லன்னா அந்த இடம் நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்குப் போயிடும். அதையும் நீங்கதான் எடுக்கணும்."

"அடுத்த வருஷம் இன்னொரு தடவை பார்க்கலாமா சார்?"

"அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன். வரப்போறவருக்கு உங்க பாடத்தோட பேரக் கேட்டாலே தலைவலி வரும்."

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை எங்களுடையதாக இல்லை. முதல் பட்டியலில் அறுபத்திரண்டு புத்தகங்கள். நூலகத்தில் இருந்தவை நான்கு. அதில் ஒன்று காணாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது, இன்னொன்று கனத்த அட்டை என்பதால் நூலகரின் சன்னலுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. மேசையில் குவிந்த நகல் தாள்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் மகன் சாப்பிட்டானா பட்டினி கிடந்தானா என்று எனக்குப் பத்து நாள் தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் தாள்மலைக்கு மேலே அவன் தலை தெரிந்தது.

"அப்படி என்னதான் பாடம் இது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு பார்ப்போம்."

"நம்மள ஆண்டவங்க போயிட்டாங்க. ஆனா எது நல்ல பேச்சு, எது உருப்படியான படிப்பு, யாரு நாகரிகமானவங்கன்னு இன்னும் அவங்க வச்ச அளவுகோலாலயே அளந்துகிட்டிருக்கோம். அது எப்படி நமக்குள்ள தங்கிச்சுன்னு பார்க்கிறது."

"முதலாளி போயிட்டாரு, அவர் எழுதின விதிமுறைப் புத்தகம் மட்டும் சுவத்துல தொங்குது. அவ்வளவுதானே?"

"அதச் சொல்ல அங்க ஒருத்தர் முந்நூறு பக்கம் எழுதியிருக்காரு" என்றாள் அவள். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டு, அறுபத்திரண்டிலிருந்து இன்னும் இரண்டை அடித்தாள். ஒவ்வொன்றை அடிக்கும்போதும் பல் பிடுங்கியவள் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். கடைசியில் பதினெட்டு மிஞ்சின.

பிறகுதான் படிவம். அந்தப் பல்கலைக்கழகத்தில் புதுப் பாடத்துக்கான படிவத்தை யாரும் புதிதாக நிரப்புவதில்லை. ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்த பழைய படிவம் ஒன்றை வாங்கி, தலைப்பையும் வாரங்களையும் புத்தகங்களையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கேள்வி வராது. பிரிவு எழுத்தர் அலமாரியைக் குடைந்து, 'இது ரொம்ப ராசியான ஃபாரம் மேடம், இதுவரைக்கும் இருபது பாடம் இதுல பாஸாயிருக்கு' என்று ஒன்றைக் கொடுத்தார். அதன் முதல் பிறவி சாம்ராஜ்ய வரலாறு. நாற்பத்தொரு பக்கம். கடித வகுப்புகளுக்கு நடுவில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் அதை மாற்றி எழுதிக் கொடுத்தாள். பாடத்திட்டக் குழுவில் ஐந்து பேர். ஓர விளிம்பு சரியாக இருக்கிறதா, மொத்தம் நாற்பத்திரண்டு மணி நேரம் வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

பாடக் கையேடு அச்சாகி வந்த அன்று, ஆசிரியர் அறையில் நின்றபடியே பிரித்துப் பார்த்திருக்கிறாள். பாடத்தின் நோக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக இருந்தது: 'பேரரசின் ஆட்சியால் குடிமக்கள் அடைந்த நன்மைகளை மாணவர்கள் நன்றியுடன் உணரச் செய்தல்.'

நேரே எழுத்தரிடம் போனாள்.

"ஒரு வரிதானே, எடுத்துடலாம்ல?"

"எடுக்கலாம் மேடம். பாடத்த வாபஸ் வாங்கி, திருத்தி, மறுபடி குழுவுக்கு அனுப்பணும். அடுத்த வருஷம் வந்துடும்."

"அடுத்த வருஷம் இடமே இருக்காதே!"

"அப்ப விட்டுடுங்க. நோக்கத்த எல்லாம் யாரு மேடம் படிக்கிறா?"

துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம்மா. தப்புன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, அஞ்சு பேரும் படிக்காமப் போட்டோம்னு ஆயிடும். வயசான காலத்துல எனக்கு இது தேவையா?"

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"பத்தொன்பது வருஷம் அத்தை. எதுக்கு எதிரா பேசணும்னு நினைச்சேனோ, அதையே என் கையால எழுதி அனுப்பியிருக்கேன். வாபஸ் வாங்கிடலாம்னு தோணுது. மானமாவது மிஞ்சும்."

"மானத்த வச்சு பதினாலு வாரம் நேர்முகத் தேர்வுப் பயிற்சி எடுப்பியா?" என்றேன். மாமியார் வாய் சும்மா இருக்குமா? அவள் பையை இறக்கி வைத்தாள். பாடத்தை வாபஸ் வாங்கவில்லை. எழுதிக் கொடுக்கத் தெம்பு இல்லை என்பதுதான் நிஜம். வீரம் என்று நான் சொன்னால் அவளே அடிக்க வருவாள்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. மின்விசிறி ஓடாத அறை, பன்னிரண்டு பேர். கலைச்சொற்களுக்கு விளக்கம் என்று அவள் தயாரித்த குறிப்பு மேசையில் இருந்தது. அதைப் பிரிப்பதற்குள் பின் வரிசைப் பெண் ஒருத்தி கையேட்டை உயர்த்திக் காட்டினாள்.

"மேடம், இதுல 'நன்றியுடன்'னு போட்டிருக்கு. யாருக்கு நன்றி சொல்லணும்?"

கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டுமே.

"பழைய ஃபாரத்தப் பார்த்து காப்பி அடிச்சேம்மா. அந்த வரிய வெட்ட மறந்துட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியை காப்பி அடித்ததாக ஒப்புக்கொள்வதை அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"நீங்க மறந்தீங்க, சரி. அப்புறம் பார்த்த அஞ்சு பேரு?"

"அவங்க கண்ணுல படல."

"படலையா, பட்டும் தப்பாத் தெரியலையா?"

என் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியலம்மா. எனக்கே அது சாதாரண வரியாத்தானே போயிருக்கு, ரெண்டு தடவை படிச்சும்." குறிப்பை மடித்து வைத்தாள். பையிலிருந்த நாற்பத்தொரு பக்கத்தையும் எடுத்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தாள். "வேற என்னெல்லாம் அப்பவே எழுதி வச்சது, நான் என்னோடதுன்னு நினைச்சு அப்படியே விட்டிருக்கேன், பாருங்க." ஒரு மணி நேரத்தில் பதினேழு கண்டுபிடித்தார்கள். அதில் ஆறு அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று பிற்பாடு சொன்னாள். நான் நம்பவில்லை.

புதன்கிழமை ஒருவன் சேர்ந்தான். வியாழக்கிழமை ஒருத்தி, தோழி சொன்னாளாம். வெள்ளி மதியம் மூன்று மணிக்குப் பதிவு மூடும். இரண்டரை வரை பதினான்கிலேயே நின்றது. மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பையன் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறான். சாம்ராஜ்யமும் தெரியாது, சிந்தனையும் தெரியாது. இந்த வகுப்பு முடிகிற நேரம் அவன் பேருந்துக்குத் தோதாக இருந்ததாம்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். செருப்பை ஒரு காலில் மட்டும் கழற்றியிருந்தாள்.

"பதினஞ்சு, அத்தை."

"அப்ப அந்தக் கடித வகுப்ப எடுத்துட்டாங்களா?"

"அதுவும் இருக்கு. வாரம் பன்னண்டு மணி நேரம்."

அப்படியே சோபாவில் சாய்ந்தவள், நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் தூங்கிப்போனாள்.