தொடைச் சதையும் கூடைக் கயிறும்

போன வருடம், இலங்கையில் கலவானப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது.

நான் கொழுந்து பறிக்கிறவள். கூடைக் கயிறு உச்சந்தலையில்தான் கிடக்கும். அந்த இடத்தில் ஒரு புண் வந்தது. கயிறு உரசின புண் என்று எண்ணெய் தடவினேன். ஆறவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். எலும்பு தெரிந்ததாம். அதை மூட, தொடையில் தோலும் சதையும் இரத்தக் குழாயோடு எடுத்துத் தலையில் வைத்துத் தைத்தார்கள்.

நர்ஸ் அடிக்கடி வந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் சதைக்கு உயிர் இருக்கிறது. கறுத்தால் போச்சு. கறுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் நோனா, அந்த அம்மா, சிங்களத்தில் கண்டிப்பாகச் சொன்னார். தலையில் எதுவும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் வைத்த சதை செத்துப்போகும்.

லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன்டி, தொடையத் தூக்கித் தலையில வச்சிட்டாங்களா? இனி தலைவலின்னா தைலத்த எங்கடி பூசுவ?"

வலியோடு சிரித்தேன். தலையில் அழுத்தக் கூடாது, சதை சூடாக இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்து கதை தோட்டம் முழுக்கப் பரவியது.

சில மாதம் கழித்து மலைக்கு வேலைக்குப் போனேன். கூடையைத் தோளில் மாட்டிக்கொள்ளச் சொன்னார் கங்காணி. சரி என்றேன். ஆனால் கூடையை எடுத்ததும் கை தானாகவே கயிற்றைத் தலைக்குக் கொண்டுபோனது. அத்தனை வருடப் பழக்கம்.

நிரையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரேயடியாக அலறினார்கள்.

எங்கள் மலையில் அப்படி அலறினால் குளவி கலைந்துவிட்டது என்று அர்த்தம். எதிர் மலையில் நின்றவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கங்காணி ஒரு சாக்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புற விழுந்தார். நானும் பயந்துபோய் மேலே பார்த்தேன்.

"எங்கடி குளவி?"

"குளவி இல்லடி பாவி, கயிறு! கயித்த எறக்கு!"

அக்கா ஓடி வந்து பிடுங்கிப் போட்டாள். தலைத்துணியை விலக்கி விரலை வைத்தாள். குனிந்து கொடுத்தேன்.

"சூடாத்தான் இருக்கு."

மற்றவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

கானுக்குள்ளிருந்து குரல் கேட்டது. "போயிருச்சாங்கம்மா?"

"எந்திரிங்க கங்காணி, கொட்டாது. இவ தலைதான்!"

மலையே சிரித்தது. கங்காணி மட்டும் சேற்றைத் துடைத்தார்.

இப்போது தோளில்தான் கூடை. கொழுந்து கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. என் தலையை நானே மறந்துபோன நேரத்தில் அத்தனை பேருக்கும் அது ஞாபகம் இருந்ததே, அதை நினைத்தால் எந்த ஏற்றமும் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.