கை வெளியவா?

நான் கதை கட்டுகிறவன் இல்லை. பதினாறு வயதிலிருந்து ஸ்பேனர் பிடிக்கிறவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு என்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், தகரக் கூரைக்குக் கீழே, வெக்கையில். நம்பாதவர்கள் என் மாப்பிள்ளையின் வலது கையைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். பட்டறை எங்கள் இருவருடையது. எனக்குக் கழற்றத் தெரியும், மாட்டத் தெரியும். அவனுக்கு விரல் நுனியில் கண் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சந்தில் கையை விட்டு, எந்த போல்ட் கால் சுற்று லூஸ் என்று சொல்லிவிடுவான். அந்தக் கையை நம்பித்தான் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பானெட் திறந்திருந்தால், சீட்டில் இருப்பவனுக்கு இன்ஜின் பக்கம் இருப்பவன் தெரியமாட்டான். அதனால் சாவியைத் திருகுமுன் "கை வெளியவா?" என்று கேட்க வேண்டும். அவன் "வெளிய" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாவி. பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை.

அந்த வெள்ளைக் காரை ஒரு பல் டாக்டர் கொண்டுவந்து விட்டார். பழைய வண்டி. அவர் வாங்கி மூன்று வாரம். சிக்னலில் நின்றால் மிதிக்காமலே உறுமுகிறது என்றார். காற்று போகிற வழியில்தான் கோளாறு. ஏர் ஃபில்டர் பெட்டி, அதிலிருந்து வரும் ரப்பர் குழாய், குழாய் முனையில் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி. மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். இரண்டு மணி நேர வேலை.

12.20. பேட்டரி வயரைக் கழற்றினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

12.35. ஃபில்டர் பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் தூக்கினேன்.

டக்.

ஒரே ஒரு தட்டு. யாரோ விரல் முட்டியால் தகரத்தில் தட்டியதுபோல. ஆறுகிற இரும்பு சத்தம் போடும்தான். ஆனால் வண்டி காலையிலிருந்து நிற்கிறது. ஆற வேண்டியதெல்லாம் ஆறிவிட்டது.

குழாயை உருவினேன். த்ராட்டில் பாடியைக் கழற்றினேன். இன்ஜினின் வாய் திறந்து கிடந்தது. நட்டு, வாஷர் உள்ளே விழாமலிருக்க அங்கே துணி அடைப்போம். என் பழைய சட்டையின் கை ஒன்றைச் சுருட்டி அடைத்துவிட்டு பிரஷ் எடுக்கப் போனேன். திரும்பினால் துணி பாதி உள்ளே போயிருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் மெல்ல... உள்ளே போனது.

ஓடாத இன்ஜின் மூச்சிழுக்காது. எட்டிப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது. பம்பரில் காலை ஊன்றி வெறியோடு இழுத்தேன். துணி முழுசாக வந்தது. நான் மல்லாந்து விழுந்தேன். பின்மண்டை சிமென்ட்டில் மோதியது.

சத்தம் கேட்டு வந்த மாப்பிள்ளை சிரித்தான்.

"பேட்டரி இல்லாத வண்டிகிட்ட அடி வாங்குன மொத மெக்கானிக் நீதான் மச்சான்."

1.15. த்ராட்டில் பாடியை மேசையில் வைத்து, உள்ளிருக்கும் வட்டத் தகட்டை விரலால் திறந்து பிரஷ் போட்டேன்.

டக்.

சத்தம் காரிலிருந்து வந்தது. தலையைத் திருப்பினேன். அந்த நொடி தகடு மூடியது. ஸ்பிரிங் மூடும். கடிக்காது. இது கடித்தது. ஆள்காட்டி விரல் நகம் வேரோடு வந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தேன். விரலுக்காக வேலையை நிறுத்தி எங்களுக்குப் பழக்கமில்லை.

2.40. எல்லாம் மாட்டியாயிற்று. பேட்டரி வயரும் கொடுத்தாயிற்று. நான் சீட்டில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பானெட்டுக்குப் பின்னால்.

"கை வெளியவா?"

டக்.

பதில் இல்லை.

"மாப்ளே, கை வெளியவா?"

டக்.

பிறகு...

"வெளிய."

அவன் குரல்தான். சாவியைத் திருகினேன்.

இன்ஜினைச் சுற்றி ஓடும் பெல்ட் கீச்சென்றது. எலும்பு நொறுங்கும் சத்தம். அதற்குப் பிறகுதான் அலறல்.

சாவியை அணைத்தேன். இன்ஜின் நிற்கவில்லை.

சாவியை உருவினேன். கையில் சாவி. இன்ஜின் இன்னும் உறுமியது.

முன்னால் ஓடினேன். பெல்ட் அவன் கையை மணிக்கட்டு வரை தின்றிருந்தது. முகத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. என் கண்ணில் ரத்தம் தெறித்தது.

காற்று இல்லாவிட்டால் இன்ஜின் செத்துவிடும்.

குழாயைப் பிய்த்து எறிந்தேன்.

இன்ஜினின் வாயில் என் உள்ளங்கையை வைத்து அடைத்தேன்.

உறிஞ்சியது.

தோல் கிழிந்தது.

விடவில்லை.

ஒரு இருமல்... இரண்டு இருமல்...

நின்றது.

2.43.

மாப்பிள்ளைக்கு மூன்று விரல் போயிற்று. என் உள்ளங்கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் சொன்னது இதுதான்.

"குழாய் கிளாம்ப் நழுவி பெல்ட்டுப் பக்கம் விழுந்துச்சு. தேடிக்கிட்டு இருந்தேன். நான் வெளியன்னு சொல்லவே இல்லையே மச்சான்... நீ கேட்டதே எனக்குக் கேக்கல."

என் தங்கை இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பல் டாக்டர் தனக்கு வண்டியை விற்ற புரோக்கரைப் பிடித்து உலுக்கி, அதன் பழைய கதையைக் கறந்திருக்கிறார். ஒன்பதாம் நாள் வார்டுக்கு ஒருவர் வந்தார். அவரும் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன் அதே காரில், அதே பெல்ட்டில், அவருடைய தம்பி செத்திருக்கிறான். நலம் விசாரிக்கவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார்.

"தட்டுற சத்தம் கேட்டுச்சா? ஒண்ணா, ரெண்டா?"

ஒன்று என்றேன். எல்லா முறையும் ஒன்றுதான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர்கள் பட்டறையிலும் சாவிக்கு முன் கேட்பார்களாம். தம்பிக்குக் காது நன்றாகக் கேட்கும். தகரத்தில் தட்டித்தான் பதில் சொல்வானாம். இரண்டு தட்டினால் கை வெளியே. ஒன்று தட்டினால் கை உள்ளே, திருகாதே.

ஏன் தட்டினான், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"அவன் பிறவி ஊமைங்க. அன்னைக்கும் ஒண்ணுதான் தட்டினான். ஆனா பின்னாடியே ஒரு குரல் கேட்டுச்சு. முப்பத்திரண்டு வருஷத்துல மொத தடவையா எந்தம்பி பேசிட்டான்னு நெனச்சேன். அந்தச் சந்தோஷத்துலதான்... திருகிட்டேன்."

அந்தக் குரல் என்ன சொன்னது என்று நான் கேட்கவில்லை.